போயா நாளில் வைத்த மெடிக்கல் போர்ட்

1. மேசையில் கிடந்த கடிதம்

நோன்புப் பெருநாள் லீவு முடிந்து நான் வேலை செய்த கந்தோருக்குத் திரும்பிய அன்று, மத்தியானம் பன்னிரண்டு மணிக்கே எல்லாரும் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். பதுளையில் காலையிலிருந்தே பனி மூட்டம். எதிரே இருக்கும் மலை இருக்கிறதா, யாராவது தூக்கிக்கொண்டு போய்விட்டார்களா என்று தெரியாத நாள். எனக்கு அப்படிப்பட்ட நாட்கள் பிடிக்கும். வேலை செய்கிற மாதிரி பேனையைப் பிடித்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருப்பேன்.

பியோன் வந்து அந்த ஜன்னலைச் சாத்தினார்.

"என்ன, இப்பவே பூட்டுறீங்க?" என்றேன்.

"நாளைக்குப் போயா தானே. இன்னைக்கு அரை நாள். பெருநாள் சாப்பாட்டில எல்லாம் மறந்து போச்சா?" என்று சிரித்தார்.

என் கணக்கில் போயா நாளை மறுநாள். அதைச் சொல்ல வாயெடுத்தபோது, மேசையில் லீவு நாட்களில் சேர்ந்திருந்த கடிதங்கள் கண்ணில் பட்டன. மேலே இருந்ததை உடைத்தேன். வெளியூர் டாக்டர் ஒருவர் எழுதியிருந்தார்: "மெடிக்கல் போர்டுக்கு நீங்கள் குறித்திருக்கும் நாள் போயா விடுமுறை. அன்றைக்கு வர இயலாது. இந்தக் காலாண்டில் இன்னொரு பயணத்துக்குப் பணமும் இல்லை. அடுத்த முறை பார்ப்போம்." இன்னொரு டாக்டரின் கடிதமும் கீழே கிடந்தது. அதிலும் அதே செய்திதான்.

யா அல்லாஹ் என்று நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். போர்ட் நாளைக்கு. ஏழு நோயாளிகளுக்கு என் கையெழுத்தில், என் சீலோடு கடிதம் போய் மூன்று வாரம் ஆகிவிட்டது. ஏழு பேரும் ஏழு மூலையில் இருப்பவர்கள். அவர்களை இனி நிறுத்த வழியே இல்லை.

2. ஞாயிற்றுக்கிழமை இல்லாத காலம்

இப்போது வேலைக்கு வரும் பிள்ளைகளிடம் இதைச் சொன்னால் கதை விடுகிறேன் என்று நினைக்கிறார்கள். அறுபதுகளின் நடுவிலிருந்து சில வருஷங்கள் இந்த நாட்டில் சனி, ஞாயிறு லீவு கிடையாது. சந்திரன்தான் லீவு கொடுத்தது. அமாவாசை, வளர்பிறையில் பாதி, பௌர்ணமி, தேய்பிறையில் பாதி என்று மாதத்தில் நான்கு போயா, பௌத்தர்களின் விரத நாள். போயா முழு விடுமுறை, அதற்கு முதல் நாள் அரை நாள் வேலை. சந்திரன் நம் கிழமையைப் பார்த்து நடப்பதில்லையே! இந்த வாரம் செவ்வாய் லீவு என்றால், நான்கு வாரம் போனால் வியாழன் லீவு. தேவாலயத்துக்குப் போகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை லீவு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். இன்று என்ன கிழமை என்று ஒருவரை ஒருவர் கேட்பது வெட்கப்படும் விசயமாக இருக்கவில்லை.

உண்மையைச் சொன்னால், எனக்கு அந்தக் காலம் பிடித்திருந்தது. நாட்கள் ஒன்றோடொன்று கலந்து மிதந்துகொண்டு போகும். கந்தோர் முடிந்து பஜாருக்குள் நடக்கையில் வானத்தைப் பார்த்தால் லீவுக்கு இன்னும் எத்தனை நாள் என்று தெரியும். இப்படி ஒரு உத்தியோகம் வேறு எங்கே கிடைக்கும்?

3. மருந்துக்கு உண்டு, மருந்து போகும் வழிக்கு இல்லை

எங்கள் கந்தோரின் பெயர் வேண்டாம். அதில் ஒரு மூலையில் என் மேசை. ஊவாவில் அரசாங்க வேலையில் இருக்கும் சிற்றூழியர்கள், அதாவது ரோட்டு வேலைக்காரர்கள், ஆஸ்பத்திரி வேலைக்காரர்கள், பள்ளிக்கூடக் காவல்காரர்கள், நீண்ட நாள் நோயில் விழுந்தால் அவர்களுடைய ஃபைல் என்னிடம் வரும். சம்பளத்தோடு லீவு, ஆஸ்பத்திரிக்குப் போய்வர இலவச ரயில் வாரண்ட், குணமானதும் இலேசான வேலை என்று அவர்களுக்கு அரசாங்கம் தரும் வசதிகளை நடத்திக் கொடுப்பது என் வேலை.

ஒரு விசயத்தை அங்கேதான் புரிந்துகொண்டேன். நோயாளிக்கு என்று அரசாங்கம் தாராளமாகவே ஒதுக்கும். அது நோயாளியின் கைக்குப் போய்ச் சேருவதற்கு ஒரு கிளார்க் வேண்டும், படிவம் வேண்டும், தபால் முத்திரை வேண்டும், டாக்டர்மார் பயணம் செய்ய வேண்டும். அதற்கு ஒதுக்குவது நிர்வாக வாக்குப்பணம். நாங்கள் 'வோட்' என்போம். அந்த வோட்டில் எப்போதும் பஞ்சம். படிவம் முடிந்தால் கார்பன் வைத்து நானே அடிக்க வேண்டும். சுவர்க் கலண்டர்கூடப் பெரிய மேசைகளுக்குத்தான் வரும். என் மேசைக்கு வராது.

மூன்று டாக்டர்கள் கூடி நோயாளியைப் பார்த்து முடிவு சொல்வது மெடிக்கல் போர்ட். ஒரு டாக்டரம்மா பதுளையிலேயே இருந்தார். மற்ற இருவரும் வெளியூர். அவர்களின் பயணத்துக்கு வோட் இடம் கொடுத்தது மூன்று மாதத்துக்கு ஒரு தடவைதான். ஒரு அமர்வு தவறினால் தவறியதுதான்.

4. பிறைக் கணக்கு

என் பெரிய கிளார்க் தில்லையம்பலம் ஐயா. யாழ்ப்பாணத்துக்காரர், இருபது வருஷமாகப் பதுளையில் இருந்தும் குளிர் பழகாதவர், மேசைக்கு அடியில் காலில் சாக்கு சுற்றியிருப்பார். போயா முறை வந்த புதிதில் அவர் என்னிடம், "ஜுனைதீன், உங்கட ஆக்களுக்குத்தானே பிறை பாத்துப் பழக்கம்? இனி லீவுக் கணக்கு உம்மட பொறுப்பு" என்று பகிடி விட்டார். கந்தோரே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் எனக்கு உள்ளூரக் கொஞ்சம் பெருமை.

அந்த மார்கழியில் அடுத்த வருஷத்துப் போயாப் பட்டியல் இன்னும் வந்திருக்கவில்லை. தை மாத போர்டுக்கு உடனே நாள் குறித்தாக வேண்டும். வெளியூர் டாக்டர்மாருக்குப் போயாவுக்கு முதல் நாள்தான் வசதி. காலையில் போர்டை முடித்து, மத்தியான ரயிலைப் பிடித்து, அடுத்த நாள் வீட்டில் இருக்கலாம். நான் நோன்பு பிடித்துக்கொண்டு, பசியில் பாதி உறக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். நோன்புத் தலைப்பிறையை வாப்பாவோடு பள்ளிவாசல் மேட்டில் நின்று என் கண்ணாலேயே பார்த்திருந்தேன். அதிலிருந்து விரல் விட்டு எண்ணினேன். ஒரு போயாவிலிருந்து அடுத்த போயாவுக்கு ஏழு நாள், எட்டு, ஏழு, ஏழு. ஒரு தாளில் கோடு கீறி அடுத்த இரண்டு மாதத்துக்குப் போயா குறித்தேன். அழகான கலண்டர். ஓரத்தில் சின்னச் சின்னப் பிறைகள்கூட வரைந்தேன்.

தலைப்பிறை கண்ணில் படுவது அமாவாசை கழிந்த பிறகு. பஞ்சாங்கக்காரர் அமாவாசையைக் கணக்கிலே பிடிப்பார், நாங்கள் பிறையைக் கண்ணாலே பிடிப்போம். எங்கள் வீட்டில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த இந்த வித்தியாசம் எனக்கு அன்றைக்கு மூளையில் ஏறவில்லை. என் கணக்கு ஒரு நாள் பிந்திவிட்டது. போயாவுக்கு முதல் நாள் என்று நான் குறித்தது போயாவேதான். பட்டியல் பின்னால் வந்தது. அதை எடுத்துச் சரிபார்க்க எனக்குத் தோன்றவே இல்லை. கடிதங்களை அனுப்பிவிட்டு நான் பெருநாள் வட்டிலப்பக் கனவில் இருந்தேன்.

5. பூட்டிய கந்தோரின் வாசலில்

போயாவன்று காலையில் போய் நின்றேன். வேறு என்ன செய்வது? வாசல் படியில் ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் இன்னும் இருவர் வந்தார்கள். ஏழு பேரும் வந்துவிட்டார்கள். ஒருவராவது வராமல் இருந்திருக்கக் கூடாதா என்று நினைத்தேன்.

கடைசியாக வந்தவர் சிவனாண்டி. லுணுகலைப் பக்கத்து ரோட்டு வேலைக்காரர். நெஞ்சில் சயரோகம் வந்து ஆறு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்து எழுந்தவர். இன்னும் ஒரு வருஷம் மாத்திரை, அதுவரை பாரம் தூக்கக் கூடாது. போர்ட் அதை எழுதிக் கொடுத்தால் காவல் வேலை மாதிரி ஏதாவது கொடுத்துச் சம்பளப் பட்டியலில் பெயரை வைத்திருப்பார்கள். அவருடைய லீவு அந்த மாதக் கடைசியோடு முடிகிறது. அதற்குள் போர்ட் பார்க்காவிட்டால் பெயர் வெட்டுப்படும். பெயர் போனால், வேலைக்காரர்களுக்கு வரிசையாகக் கட்டிக் கொடுத்த ரோட்டு லயத்தில் குடியிருக்கும் ஒற்றைக் காம்பிராவும் போய்விடும். மூன்று பிள்ளைகள். ஃபைலில் எல்லாம் இருந்தது. நானே அடித்த பக்கங்கள்தான்.

அவரைக் கையைப் பிடித்துக் கூட்டி வந்தது மனைவி மீனாட்சி. விடியமுன் புறப்பட்டு, மூன்று மைல் நடந்து வந்து பஸ் ஏறியிருந்தார்கள்.

"டாக்டருங்க வந்துட்டாங்களாங்க?" என்று கேட்டாள்.

"டாக்டர்மார் வரல்லம்மா" என்றேன். அதில் பொய் இல்லை. உண்மையும் இல்லை. சொல்லும்போதே என் மீது எனக்கு அருவருப்பாக இருந்தது.

"அப்ப கொஞ்ச நேரம் இருந்து பாக்குறோங்க" என்று அவள் புருஷனை வெயில் விழும் படியில் உட்கார வைத்தாள். பனி விலகி வெயில் எட்டிப் பார்த்த நேரம் அது. மற்றவர்களும் எழும்பவில்லை. எனக்கும் அவர்களைப் போகச் சொல்ல வாய் வரவில்லை.

அந்தக் காலை நேரத்தை இப்போது நினைத்தாலும் நான் கண்ட கனவா, நடந்ததா என்று சந்தேகம் வரும். கடைகள் பூட்டு. தெருவில் வண்டிச் சத்தம் இல்லை. விகாரைக்குப் போகிறவர்கள் வெள்ளை உடுத்தி, பூத்தட்டு ஏந்தி, சத்தமில்லாமல் எங்களைத் தாண்டிப் போனார்கள். ஊதுபத்தி வாசம். யாரோ எங்கேயோ மணி அடித்தார்கள். ஒருவர் வெற்றிலைப் பையைப் பிரித்தார், அது ஏழு கைகளையும் சுற்றி என்னிடமும் வந்தது. யாரும் நேரம் கேட்கவில்லை. எல்லாரும் ஒரு ரயிலுக்குக் காத்திருப்பது போலவும், அந்த ரயில் வருவது நிச்சயம் என்பது போலவும் இருந்தோம்.

அந்த வெள்ளை உடுப்புகளுக்குள் ஒன்று எங்களைப் பார்த்து நின்றது. போர்டின் டாக்டரம்மா! கையில் அரலியப் பூத்தட்டு.

"இவர்களை வரவழைத்துவிட்டீர்களா?" என்று சிங்களத்தில் கேட்டார். "திகதியைப் பார்த்தேன். திருத்தி வேறு கடிதம் வரும் என்று இருந்தேன்."

அவர் பூத்தட்டை மீனாட்சியின் கையில் கொடுத்துவிட்டு, சிவனாண்டியைத் திரும்பச் சொல்லி, சட்டைக்கு மேலேயே முதுகில் காதை வைத்தார். தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். டாக்டரம்மா கண்ணை மூடிக்கொண்டு வெகு நேரம் கேட்டார். பிறகு மற்றவர்களையும் ஒவ்வொருவராகப் பார்த்தார்.

"இவரால் தார் பீப்பாய் உருட்ட முடியாது. உருட்டினால் திரும்பவும் படுக்கைதான்" என்று சிவனாண்டியைக் காட்டினார். "ஆனால் நான் ஒருத்தி சொல்லிப் பயனில்லை. மூன்று கையெழுத்து வேண்டும். இந்த மாதம் முடியுமுன் எங்களை மறுபடி கூப்பிடப் பாருங்கள்."

பூத்தட்டை வாங்கிக்கொண்டு போய்விட்டார். மீனாட்சியின் கையில் ஒரு பூ ஒட்டியிருந்தது.

6. தவறுக்கும் ஒரு வோட்

அடுத்த நாள் தில்லையம்பலம் ஐயாவின் முன்னால் போய் நின்றேன்.

"என்ன ஐசே, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறீர்?"

சொன்னேன். என் கலண்டரையும் நீட்டினேன். அவர் அதைக் கண்ணாடியைத் தூக்கிவிட்டு மேலும் கீழும் பார்த்தார்.

"நான் பகிடிக்குச் சொன்னனான். நீர் உண்மையிலேயே பிறையைப் பாத்து போர்ட் வச்சுப்போட்டீரோ?" என்றார். பிறகு சிரிப்பு வந்து அடக்கினார். பிறகு அந்தச் சிரிப்பும் போய்விட்டது. "ஏழு பேரும் வந்தவையே?"

"வந்தாங்க ஐயா."

அவர் எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தார். "இஞ்ச கேளும். ஃபைலின்ர மினிட் ஷீற்றில எழுதும்: வெளியூர் உறுப்பினர் இருவரும் சமூகமளிக்கவில்லை, அமர்வு நடைபெறவில்லை. அவ்வளவுதான். சித்திரையில திருப்பி வைப்பம்."

"சிவனாண்டிக்குச் சித்திரை வரைக்கும் இல்லையே ஐயா. மாசக் கடைசியில பேரை வெட்டிருவாங்க."

"இடையில வேற அமர்வு வைக்க வோட்டில இடமில்லை எண்டு உமக்குத் தெரியும்."

"ஒரு வழியும் இல்லையா?"

அவர் குனிந்து காலிலிருந்த சாக்கைச் சரி செய்தார். அவர் பொய் சொல்லத் தெரியாத மனிதர். அதனால்தான் அத்தனை நேரம் சாக்கோடு மினக்கெட்டார்.

"ஒண்டு இருக்கு" என்றார் கடைசியில். "அலுவலகத் தவறால அமர்வு குழம்பினா, விசேஷ அமர்வுக்குக் கொழும்பில கேக்கலாம். அதுக்கு வேற வோட். ஆனா தவறு ஆர் விட்டது எண்டு பேர் எழுத வேணும். பேர் இல்லாமல் அவங்கள் ஒரு சதமும் தர மாட்டாங்கள்." என் முகத்தைப் பார்த்தார். "உம்மட ப்ரொபேஷன் முடிய ரெண்டு மாசம் கிடக்கு. இதை எழுதினீரெண்டா உம்மை நிரந்தரமாக்குறதோ, வீட்டை அனுப்புறதோ எண்டு கேள்வி வரும். பிறகு என்னட்டை அழுதுகொண்டு வரக் கூடாது."

பார்த்தீர்களா! தவறுக்குக்கூட அரசாங்கம் பணம் ஒதுக்கித்தான் வைத்திருந்தது. தவறு செய்தவனின் பெயர்தான் அந்தப் பணப்பெட்டிக்குத் திறப்பு.

என் மேசைக்கு வந்து உட்கார்ந்தேன். வெளியே பனி மறுபடி இறங்கிவிட்டது. வழக்கம்போல் அதைப் பார்த்துக்கொண்டு எங்கேயாவது மிதந்து போய்விடலாம் என்று இருந்தது. மனம் போகவில்லை. சங்கதி இவ்வளவுதான் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்: வீட்டுக்கு அனுப்பினால் எனக்கு வாப்பாவின் தையல் கடை இருக்கிறது. லயக் காம்பிராவை விட்டு இறக்கினால் அந்தப் பிள்ளைகளுக்கு ரோட்டைத் தவிர ஒன்றும் இல்லை. இதைச் சொல்லிக்கொள்ள எனக்கு மத்தியானம் வரை எடுத்தது. நான் அப்படியொன்றும் பெரிய வீரன் இல்லை.

மினிட் ஷீற்றில் எழுதினேன்: "அமர்வுக்கான திகதியை உத்தியோகபூர்வப் பட்டியலோடு சரிபார்க்காமல் தவறாகக் குறித்தது நான்." கீழே முழுப் பெயரும் எழுதிக் கையெழுத்து வைத்தேன். தில்லையம்பலம் ஐயா வாசித்தார். அதன் அடியில் தன் சிவப்பு மையால், "கலண்டர் வழங்கப்படாத மேசை. இதற்கு நானும் பொறுப்பு" என்று எழுதித் தன் கையெழுத்தையும் வைத்தார். அந்த மனிதரைக் கட்டிப்பிடித்து அழலாம் போலிருந்தது. ஆனால் அவர் ஏற்கெனவே என்னை எச்சரித்திருந்தார்.

7. மீனாட்சி சொன்னது

விசேஷ அமர்வுக்கு அனுமதி வந்தது. மாதம் முடிய நான்கு நாள் இருக்கையில் மூன்று டாக்டர்களும் கூடினார்கள். ஏழு பேரையும் பார்த்தார்கள். சிவனாண்டிக்கு ஒரு வருஷம் இலேசான வேலை, பெயரும் காம்பிராவும் அப்படியே. எனக்கு ப்ரொபேஷன் இன்னும் ஒரு வருஷம் நீண்டது. வீட்டுக்கு அனுப்பவில்லை.

போர்டின் முடிவுக் கடிதத்தை வாங்க சிவனாண்டியும் மீனாட்சியும் என் மேசைக்கு வந்தார்கள். அவர் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார். நாற்காலியைக் கொடுத்தேன். கடிதத்தையும் நீட்டினேன். அன்றைக்கு வாசல் படியில் சொல்லாததைச் சொல்லாமல் அவர்களை அனுப்ப மனம் வரவில்லை.

"அம்மா, அன்னைக்கு டாக்டர்மார் மேல பிழை இல்ல. நான்தான் நிலாவைப் பிழையா எண்ணிட்டேன். போயா நாள்னு தெரியாம ஒங்களை அலைய வச்சிட்டேன். மன்னிச்சுக்கிடுங்க" என்றேன்.

அவள் கடிதத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டிருந்தாள். "அன்னிக்குப் போயாங்கிறது எங்களுக்குத் தெரியுங்களே" என்றாள்.

"தெரியுமா?"

"மொத நாளே ரோட்டு வேலைய மத்தியானத்தோட நிப்பாட்டிட்டாங்க. லயத்துல எல்லாரும் சொன்னாங்க, நாளைக்கு லீவு, ஆபீஸ் பூட்டியிருக்கும், போவாதீங்கன்னு."

"தெரிஞ்சுமா இந்த மனுசரை நடக்க வச்சுக் கூட்டி வந்தீங்க?"

மீனாட்சி புருஷனைப் பார்த்தாள். சிவனாண்டி எனக்கு ஆறுதல் சொல்வது போலத் தலையை ஆட்டினார்.

"ஒங்க கடுதாசியில திகதி போட்டு, சீலும் குத்தியிருந்துச்சுங்களே" என்றார். "நெலாதான் தப்புன்னு நெனச்சோம்."

அவர்கள் போன பிறகு என் மேசையில் இருந்த சீலை எடுத்துப் பார்த்தேன். விரல் நீளம்கூட இல்லாத மரக்கட்டை. அன்றிலிருந்து ஓய்வு பெறும்வரை, இன்னொருவர் கண்ணால் திகதியைப் பார்க்காமல் நான் ஒரு கடிதத்திலும் அதைக் குத்தவில்லை. அலுத்துக்கொண்டவர்கள் உண்டு, பைத்தியம் என்றவர்களும் உண்டு.

புதிதாக வேலைக்கு வரும் தம்பிமாரே, தங்கைமாரே, நோயாளிக்கு எவ்வளவு ஒதுக்குவது என்று கொழும்பில் முடிவு செய்வார்கள். அதில் நமக்குப் பேச்சில்லை. நாம் போடுவது திகதி ஒன்றுதான். அதை நம்பி எங்கோ ஒரு லயத்தில் ஒருத்தி, ஊரே வேண்டாம் என்று சொல்லியும், சுகமில்லாத புருஷனை விடியமுன் எழுப்பி பஸ்ஸுக்கு நடத்திக்கொண்டு வருவாள்.